கல்லாறில் தட்டிய இன்ஜின் ஊட்டியில் ஏன் தட்டவில்லை?

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன் ஒருவன்)



மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று நம் சங்கத்துத் தோழர்கள் கேட்டார்கள். எனக்குக் கவிதை எழுத வராது. கதையும் வராது. எங்கள் வீட்டில் ஒரு ஓட்டைப் பிஸ்டன் இருக்கிறது. அதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுப்பா, பாடத்துக்கும் உதவற மாதிரி எழுது" என்றார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் வீட்டு விஷயமும் நிறைய பாட விஷயமும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டைப் பிஸ்டன் வந்த கதை

என் அப்பா டிரைவர். மேட்டுப்பாளையத்தில் ஒரு முதலாளியின் டாக்சியை ஓட்டினார். நான் பிறப்பதற்கு முன், 2004-ம் ஆண்டு கோடை சீசன். வண்டி பழைய பெட்ரோல் கார். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள ரகம். ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போனார். மூன்று நாள் அங்கேயே சுற்றிக் காட்ட வேண்டும்.

ஊட்டியில் வண்டிக்குப் பிக்கப்பே இல்லை. மேடு ஏற மறுத்தது. அங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கை அட்வான்ஸ் செய்து கொடுத்தார். வண்டி நன்றாகவே இழுத்தது. மூன்று நாளும் ஒரு சத்தம் இல்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

நான்காம் நாள் இறங்கி வந்துவிட்டார். இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் நண்பகல் வேறு ஒரு சவாரி. ஐந்து பேர், மேலே கேரியர் நிறைய சாமான். கல்லாறு தாண்டி மேடு ஆரம்பித்ததும் இன்ஜினிலிருந்து 'கிண் கிண்' என்று, சின்னச் சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். சவாரி அவசரப்படுத்துகிறது. அப்பா ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தார். சில கொண்டை ஊசி வளைவுகள் போனதும் இழுவை போய்விட்டது. பின்னால் ஒரே புகை. இறக்கிப் பார்த்தால் ஒரு பிஸ்டனின் தலையில் ஓட்டை!

முதலாளி ரிப்பேர் செலவை ஏழு மாதம் சம்பளத்தில் பிடித்தார். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. அது திரும்பி வரவேயில்லை. அந்தப் பிஸ்டனை மட்டும் அப்பா வீட்டுக்கு எடுத்து வந்து அலமாரியில் வைத்தார். நான் அதில் பம்பரக் கயிறும் கோலிக் குண்டும் போட்டு விளையாடியவன்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவு கிடைத்த அன்று அப்பா அந்தப் பிஸ்டனை என் கையில் கொடுத்தார். "ஏங்கண்ணு, ஊட்டில தட்டாத இன்ஜின் கல்லாத்துல ஏன் தட்டுச்சு? அதே வண்டி, அதே பெட்ரோலு, அதே டைமிங்கு. இருவது வருசமா எனக்கு வெளங்கல. நீ படிச்சுட்டு வந்து சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதல் வருஷம் எனக்கும் பதில் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் ஐ.சி. இன்ஜின் பாடம் வந்தது. பிஸ்டனைப் பையில் போட்டு லேபுக்கே கொண்டு போனேன். எங்கள் சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாக்கிங்குக்கு இதைவிட நல்ல மாடல் நம்ம லேபிலேயே இல்லை" என்றார்.

'நாக்கிங்' என்றால் என்ன?

பிளக்கில் பொறி விழுந்ததும் சிலிண்டரில் உள்ள கலவை முழுவதும் ஒரே நொடியில் வெடிக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. காய்ந்த புல்வெளியில் ஒரு மூலையில் பற்ற வைத்தால் தீ வரிசையாகப் பரவுவது போல, பிளக்கிலிருந்து சுவாலை பரவிக்கொண்டே போகிறது. சிலிண்டருக்குள் அதன் வேகம் ஏறத்தாழ வினாடிக்கு 20 முதல் 40 மீட்டர். சுவாலை 25 மீட்டர் வேகத்தில் 5 சென்டிமீட்டர் போக 2 மில்லி வினாடி ஆகும். 3000 ஆர்.பி.எம்.-ல் அதற்குள் கிராங்க் 36 டிகிரி சுற்றிவிடும். பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே பொறி விட வேண்டியிருப்பது இதனால்தான். இதைத்தான் இக்னிஷன் அட்வான்ஸ் என்கிறோம்.

சுவாலை பரவும்போது எரிந்த வாயு விரிந்து, இன்னும் எரியாமல் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் கலவையை நெருக்குகிறது. இந்தக் கடைசிக் கலவைக்கு 'எண்ட் கேஸ்' என்று பெயர். நெருக்க நெருக்க அதன் அழுத்தமும் வெப்பமும் ஏறும். இங்கே ஒரு ஓட்டப்பந்தயம் நடக்கிறது. சுவாலை முதலில் வந்து சேர்ந்தால் அமைதியாக எரிந்து முடியும். சுவாலை வருவதற்குள் எண்ட் கேஸ் தானாகவே பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங்.

சரவெடி ஒவ்வொன்றாக வெடித்து வரும்போது, கடைசியில் இருக்கிற கட்டு மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அந்தத் திடீர் அழுத்தம் அலையாகக் கிளம்பி சிலிண்டர் சுவருக்குச் சுவர் மோதுகிறது. 80 மில்லிமீட்டர் போர் உள்ள இன்ஜினில் இந்த அலை வினாடிக்கு ஏறத்தாழ 7000 தடவை அதிரும். 'கிண் கிண்' சத்தம் அதுதான்.

சத்தம் மட்டும் என்றால் பரவாயில்லை. பிஸ்டன் தலைமீதும் சுவரின்மீதும் எப்போதும் ஒரு மெல்லிய வாயுப் படலம் ஒட்டியிருந்து, வெப்பம் நேராகத் தாக்காமல் காப்பாற்றுகிறது. நாக்கிங் அலை இந்தப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. அப்புறம் வெப்பம் நேராக அலுமினியத்தில் இறங்கும். ரிங் லேண்ட் உடையும், ஹெட் கேஸ்கட் போகும், பிஸ்டன் உருகி ஓட்டை விழும். எங்கள் வீட்டுப் பிஸ்டன் அதற்குச் சாட்சி.

இங்கே ஒரு குழப்பம் வரும். பொறி விழுவதற்கு முன்பே, சிவந்து கிடக்கும் கரி அல்லது பிளக் முனை கலவையைப் பற்ற வைத்தால் அது 'ப்ரீ இக்னிஷன்'. பொறி விழுந்த பிறகு எண்ட் கேஸ் தானாகப் பற்றினால் அது நாக்கிங். ஒன்று மற்றொன்றைக் கொண்டுவரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஆக்டேன் எண் பிறந்த வரலாறு

முதலில் நாக்கிங் ஏன் வருகிறது என்றே யாருக்கும் தெரியாமல் இருந்தது. பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்ற இன்ஜினியர், ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஷன் ரேஷியோவை மாற்றக்கூடிய ஒரு சோதனை இன்ஜினைச் செய்து, எரிபொருளுக்கு எரிபொருள் நாக்கிங் மாறுபடும் என்று காட்டினார்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் நாக்கிங்கை அடக்கும் என்று கண்டுபிடித்தார். பெட்ரோலில் துளி கலந்தால் போதும், நாக்கிங் அடங்கியது. ஆனால் ஈயம் நஞ்சு. 1924-லேயே அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் இறந்தார்கள். அப்படியும் பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் விற்றார்கள். நம் நாட்டில் ஈயமில்லா பெட்ரோல் 1995-ல் நான்கு பெருநகரங்களில் தொடங்கி, 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல்தான் கார்களுக்கான ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. ஒரு சத்தத்தை அடக்க நூறு ஆண்டு நஞ்சைச் சுவாசித்திருக்கிறோம் என்பதை இன்ஜினியரிங் படிக்கும் நாம் மறக்கக்கூடாது.

எரிபொருள்களை ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமே? 1926 வாக்கில் கிரகாம் எட்கர் என்ற வேதியியலாளர் அதை அமைத்தார். சுலபத்தில் நாக் ஆகும் நார்மல் ஹெப்டேனுக்கு 0, எளிதில் நாக் ஆகாத ஐசோ ஆக்டேனுக்கு 100. ஹெப்டேனின் கார்பன் சங்கிலி நேராக இருக்கும், சீக்கிரம் அறுந்து பற்றும். ஐசோ ஆக்டேனில் கிளைகள் உண்டு, அவ்வளவு சீக்கிரம் பற்றாது. சுத்தமான ஹெப்டேன் அந்தக் காலத்தில் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து!

ஒரு பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு அது நாக்கிங்கைத் தாங்கும் என்று பொருள். அந்தப் பெட்ரோலில் 91 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று பொருளல்ல. தேர்வில் இதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறோம்.

இதைச் சோதிப்பது சி.எஃப்.ஆர். என்னும் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். இதில் இரண்டு முறைகள் உண்டு. 600 ஆர்.பி.எம்.-ல் செய்வது ரிசர்ச் முறை. அந்த எண் ஆர்.ஓ.என். மற்றது 900 ஆர்.பி.எம்.-ல், கலவையை 149 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிச் செய்வது மோட்டார் முறை. அந்த எண் எம்.ஓ.என். சோதனை கடுமையானதால் எம்.ஓ.என். பொதுவாகக் குறைவாக வரும்.

நம் நாட்டு பங்க்கில் சொல்லும் எண் ஆர்.ஓ.என். முன்பு சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91, பிரீமியத்துக்கு 95 என்று இருந்தது. அமெரிக்காவில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரியை எழுதி வைக்கிறார்கள். அங்கே 87 என்று இருப்பது ஆர்.ஓ.என். 91-க்கு ஏறத்தாழச் சமம். எண்ணை மட்டும் பார்த்து, "அமெரிக்கா பெட்ரோல் மட்டம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

எத்தனாலின் ஆர்.ஓ.என். ஏறத்தாழ 108. 2025-ல் நம் நாடு பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை எட்டியது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் பெட்ரோலைவிடக் குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். ஆனால் நாக்கிங்கைத் தாங்குவதில் அது கெட்டிக்காரன்.

உயரம் என்ன செய்கிறது?

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர். ஊட்டி 2240 மீட்டர். மெக்ஸிகோ நகரமும் ஏறத்தாழ இதே உயரம்தான். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். வாய்பாட்டில் போட்டுப் பார்த்தேன். கடல் மட்டத்தில் 1013 மில்லிபார் என்றால் மேட்டுப்பாளையத்தில் 975, ஊட்டியில் 771. அதாவது மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைவு. வெப்பநிலையை மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி, ஊட்டியில் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

கம்ப்ரஷன் ரேஷியோ 9, பாலிட்ராபிக் எண் 1.3, திராட்டில் முழுத் திறப்பு. இன்டேக்கில் ஏற்படும் இழப்பை விட்டுவிடுவோம். கணக்கு இது:

மேட்டுப்பாளையம்: கம்ப்ரஷன் முடிவில் அழுத்தம் 17.0 பார், வெப்பநிலை 322 டிகிரி செல்சியஸ்.

ஊட்டி: அழுத்தம் 13.4 பார், வெப்பநிலை 284 டிகிரி செல்சியஸ்.

அதே பிஸ்டன், அதே ஹெட், அதே பெட்ரோல். ஆனால் உள்ளே அழுத்தம் 3.6 பார் குறைவு, வெப்பம் 38 டிகிரி குறைவு. எண்ட் கேஸ் தானாகப் பற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அழுத்தத்தையும் வெப்பத்தையும் எப்படிப் பொறுத்தது என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் 1978-ல் ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். ஐ.சி. இன்ஜின் பெரிய புத்தகங்களில் இருக்கிறது. அதில் நம் எண்களைப் போட்டால் ஊட்டியில் அந்த நேரம் 2.3 மடங்கு நீள்கிறது! காற்று மெலிந்ததால் ஒன்றரை மடங்கு, குளிரால் இன்னொரு ஒன்றரை மடங்கு. இரண்டும் பெருகித்தான் 2.3.

அதே சூத்திரத்தில் 91-க்குப் பதில் 95 ஆக்டேன் போட்டுப் பாருங்கள். நேரம் 16 சதவீதம்தான் நீள்கிறது. கம்ப்ரஷன் முடிவு எண்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது. அசல் இன்ஜினில் சுவாலையின் நெருக்கலும் சேரும். ஆனாலும் எது பெரிது, எது சின்னது என்று புரிகிறதல்லவா? மலையும் குளிரும் செய்த உதவிக்குப் பக்கத்தில் பிரீமியம் பெட்ரோல் நிற்க முடியாது.

அப்படியானால் தப்பு எங்கே நடந்தது?

இப்போது கதையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் படி: ஊட்டிக் காற்றின் அடர்த்தி மேட்டுப்பாளையத்தைவிட 15 சதவீதம் குறைவு. அழுத்தம் 21 சதவீதம் குறைந்தாலும் குளிர் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைவு. இழுவை தானாகக் குறையும். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

இரண்டாம் படி: கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது சரியாகத் தெரியாது. அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கலவை ரிச் ஆகும். நம் கணக்கில் ஏறத்தாழ 9 சதவீதம் அதிகப் பெட்ரோல். பிளக் கரி பிடிக்கும், கறுப்புப் புகை வரும், இழுவை இன்னும் போகும்.

மூன்றாம் படி: மெலிந்த கலவை மெதுவாக எரியும். அதனால் ஊட்டியில் பொறியைச் சற்று முன்னதாக விட்டால் நன்றாக இழுக்கும். மெக்கானிக் செய்தது அதுதான். ஊட்டிக்கு அது சரியான டைமிங். எண்ட் கேஸுக்குக் கிடைத்த 2.3 மடங்கு அவகாசத்தில் கொஞ்சத்தைச் செலவு செய்து இழுவையை வாங்கினார்.

நான்காம் படி: வண்டி கீழே வந்தது. காற்று மறுபடி கனமாயிற்று, சூடாயிற்று. அவகாசம் போய்விட்டது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் ஊட்டி நிலையிலேயே இருந்தது. இறக்கத்தில் திராட்டில் மூடியிருந்ததால் சிலிண்டருக்குள் கலவையே குறைவு. தட்டவில்லை. மறுநாள் வெயில், ஐந்து பேர், சாமான், மேடு, முழு ஆக்சிலேட்டர், குறைந்த ஆர்.பி.எம். நாக்கிங்குக்கு வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில் கூடிவிட்டன. அந்த இடம் கல்லாறு.

ஆக, மலைப் பயணத்தில் இன்ஜினுக்கு ஆபத்தான இடம் உச்சி அல்ல, அடிவாரம்! மேலே போகப் போக நாக்கிங் குறையும். அடிவாரத்து மேட்டில்தான் காற்றும் கனம், வெயிலும் அதிகம், லோடும் முழுசு.

மலையில் குறைந்த ஆக்டேன் போதுமா?

இந்தக் கணக்கைப் பார்த்தால் 'மேலே மட்டமான பெட்ரோலே போதுமே' என்று தோன்றும். கார்புரேட்டர் காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஆக்டேன் தேவை ஏறத்தாழ ஒன்று குறையும் என்று அப்போது கணக்கு. அதனால்தான் அமெரிக்காவில் ராக்கி மலைப் பகுதியில், 1600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் போன்ற ஊர்களில், மற்ற இடங்களில் 87 விற்கும்போது 85 விற்றார்கள். அந்தப் பழக்கம் இப்போதும் இருக்கிறது.

ஆனால் இன்றைய வண்டிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. காரணங்கள் மூன்று.

ஒன்று, இ.சி.யு. சென்சார் வழியாகக் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலையும் டைமிங்கையும் அதுவே மாற்றிக்கொள்கிறது. ஊட்டி மெக்கானிக் கையால் செய்த வேலையை இது நொடிக்கு நொடி செய்கிறது. மலையில் கிடைக்கும் அவகாசத்தை அதுவே டைமிங்கில் செலவழித்துவிடுவதால், ஆக்டேன் தேவை பழைய வண்டி அளவுக்குக் குறைவதில்லை. கீழே வந்தால் பழையபடி திருப்பியும் வைத்துவிடும். இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் உள்ள வண்டிகளில், நான் மேலே சொன்ன 7000 அதிர்வைக் கேட்டவுடன் பொறியைச் சற்றுத் தாமதிக்கும். பிஸ்டன் பிழைக்கும், ஆனால் இழுவையும் மைலேஜும் குறையும்.

இரண்டு, டர்போ. டர்போ இன்ஜின் மெலிந்த காற்றையும் அடைத்து உள்ளே தள்ளுகிறது. மலையிலும் சிலிண்டருக்குள் அழுத்தம் கீழே இருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மலை கொடுத்த சலுகை அதற்கு இல்லை. 1940-ல் பிரிட்டன் மீது நடந்த விமானப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் இன்ஜினில் சூப்பர்சார்ஜர் அழுத்தத்தைக் கூட்ட முடிந்ததற்கு 100 ஆக்டேன் பெட்ரோல் ஒரு காரணம். வெளியில் காற்று மெலிந்திருந்தாலும் சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தம்தான் பேசும்.

மூன்று, டேங்க்கில் போட்ட பெட்ரோல் நம்மோடு கீழேயும் வரும். மேலே போட்ட குறைந்த ஆக்டேன் அடுத்த நாள் வெயிலில் மேடு ஏறும்போது என்ன ஆகும்? டைமிங் செய்த அதே வேலையைப் பெட்ரோல் செய்யும்.

அதேபோல, 91 போதும் என்று வண்டியின் கையேட்டில் போட்டிருந்தால் 95 போடுவதால் இழுவை பெரிதாகக் கூடாது. ஆக்டேன் எண் என்பது சக்தி அல்ல, பொறுமை. சீக்கிரம் பற்றிக்கொள்ளாத பொறுமை. அந்தப் பொறுமையைப் பயன்படுத்தும் ஹை கம்ப்ரஷன் அல்லது டர்போ இன்ஜினுக்குத்தான் அது லாபம். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில் அந்தப் பொறுமைதான் முதலில் போகிறது. மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகவும் குறைவு.

வைவாவுக்கு ஐந்து கேள்விகள்

1. நாக்கிங் எங்கே தொடங்குகிறது? சுவாலை கடைசியாகச் சென்று சேரும் எண்ட் கேஸில்.

2. ரிடார்ட் செய்தால் நாக்கிங் ஏன் குறைகிறது? பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகு உச்ச அழுத்தம் வருவதால் எண்ட் கேஸ் அவ்வளவாக நெருக்கப்படாது.

3. ஆர்.பி.எம். கூடினால்? பெரும்பாலும் நாக்கிங் குறையும். காற்றுச் சுழற்சி கூடிச் சுவாலை வேகமாகப் போகிறது. தானாகப் பற்ற அவகாசமில்லை. மேட்டில் கியரை இறக்கு என்று டிரைவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

4. கரி பிடித்தால் ஏன் தட்டுகிறது? கரி இடத்தை அடைத்துக் கம்ப்ரஷன் ரேஷியோவைக் கூட்டுகிறது. வெப்பத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

5. டீசல் இன்ஜினுக்கும் இதே எண்ணா? இல்லை. டீசல் சீக்கிரம் தானாகப் பற்ற வேண்டும். அதற்கு சீட்டேன் எண். ஆக்டேன் நல்லதாக உள்ளது சீட்டேனில் மோசமாக இருக்கும்.

முடிவுரை

போன பொங்கல் லீவில் அப்பாவிடம் இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினேன். அவருக்கு வர்க்கமூலம் தெரியாது. ஆனால் 17-ம் 13-ம் தெரியும். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மெக்கானிக் மேல தப்பு இல்லையா கண்ணு?" என்றார்.

"இல்லீங்கப்பா. அவரு ஊட்டிக்குச் சரியாத்தான் வெச்சாரு. கீழ போறப்ப பழையபடி திருப்பி வெக்கோணும்னு யாரும் உங்ககிட்டச் சொல்லல, அவ்வளவுதான்."

"எம்மேலயும் இல்லையா?"

"உங்க மேலயும் இல்லீங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இருபது வருஷமாகத் தன் கால் அதிகம் மிதித்ததால்தான் பிஸ்டன் போனது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம், "சத்தம் கேட்டதும் நிறுத்தியிருக்கோணும். அது எம் மேலதான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதும் சரிதான்.

தோழர்களே, நாளை நம்மில் பலர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் வேலைக்குப் போவோம். ஒரு ஸ்க்ரூவைத் திருப்பும்போது, இந்த வண்டி இங்கிருந்து எங்கே போகும் என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். செய்ததை அவருக்குப் புரியும்படி சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வார்த்தையை அன்று யாராவது சொல்லியிருந்தால் என் அம்மாவின் தோடு காதிலேயே இருந்திருக்கும்.

அந்தப் பிஸ்டனை நம் லேபுக்கே கொடுத்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "கொடு. ஆனா ஓட்டை ஏன் வந்துச்சுன்னு பக்கத்துல எழுதி வை" என்றார். எழுதி வைத்திருக்கிறேன். லேபில் இரண்டாவது அலமாரி. வந்து பாருங்கள்.